பன்னிரண்டு வோல்ட்தானே!

காலை ஏழரை மணிப் படகுக்குப் போனால், தேக்கடி ஏரி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குக் கேட்டுவிடும். படகுத்துறை முழுக்கப் பனி இறங்கியிருக்கும். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்து நீர் தேங்கியபோது மூழ்கிப்போன காட்டு மரங்கள், நூறு ஆண்டு கடந்தும் கருத்த தூண்களாக நீருக்கு மேல் தலை நீட்டி நிற்கும். குமுளியிலிருந்து ஆனவாச்சால் வழியாக வந்திறங்கிய கூட்டம் மிதவைச் சட்டையின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது, படகின் பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வரும். க்ர்ர்… க்ர்ர்ர்… அப்புறம் ஒரு குலுக்கல், கொஞ்சம் புகை, டீசல் என்ஜினின் சீரான துடிப்பு.

கூட்டம் யானை தெரிகிறதா என்று கரையைப் பார்க்கத் திரும்பிவிடும். எனக்கு மட்டும் மனம் அந்தச் சத்தத்திலேயே நிற்கும். அதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், கேரளத்துக் காயல் ஒன்றில் சின்னப் படகில் போய்க்கொண்டிருந்தோம். பறவை பார்ப்பதற்காக நடுநீரில் என்ஜினை நிறுத்தினார்கள். திரும்பக் கிளப்பும்போது 'டக்' என்று ஒரே சத்தம். அதோடு சரி. பொழுது சாய்ந்தது, விளக்கும் மங்கி அணைந்தது. வேறொரு படகு வந்து கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்க்கும்வரை கைப்பேசி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். கரையில் பலகையைத் தூக்கிப் பார்த்தால் பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. டெர்மினல் நட்டு தளர்ந்து, அதைச் சுற்றி வெள்ளையும் நீலப்பச்சையுமாக உப்புப் பூத்துக் கிடந்தது. அதைக் கையாலேயே ஆட்டிக்கொண்டு படகுக்காரர் சொன்னார்: "பயப்படாதீங்க சார், பன்னிரண்டு வோல்ட்தானே, என்ன ஆயிடப் போகுது?"

இந்த வாக்கியத்தை அதன்பிறகு எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளைக் கொல்லும்.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். மின்சாரம் உடம்புக்குள் பாய்வதற்குத் தோல் தடையாக நிற்கிறது. உலர்ந்த கையின் தடை பத்தாயிரம் ஓமுக்கும் மேல். பன்னிரண்டு வோல்ட்டைப் பத்தாயிரத்தால் வகுத்தால் கிடைப்பது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான், உணர்வதே கடினம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது அதே தோலை எளிதாகக் கடந்து, தசையை இறுக்கி, இதயத்தின் தாளத்தைக் குலைக்கும். ஆகவே பேட்டரியின் இரண்டு முனையையும் உலர்ந்த கையால் தொட்டால் ஷாக் அடிக்காது என்பது சரிதான்.

ஆனால் மனிதத் தோலின் தடை பத்தாயிரம் ஓம். ஸ்பானருக்கு?

கம்பத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஜீப், டிராக்டர், ஏலத்தோட்டத்து மருந்தடிக்கும் மோட்டார் என்று மலைமேலிருந்து எல்லாப் பேட்டரியும் அவரிடம் வரும். அவர் மேசை இழுப்பறையில் பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் ஒன்று கிடக்கிறது. அதன் நடுவில் எலி கடித்ததுபோல் ஒரு பள்ளம்; பள்ளத்தின் ஓரத்தில் இரும்பு உருகி வழிந்து மணியாக உறைந்திருக்கும். "இது ஒரு நொடி வேலை தம்பி," என்றார். பாசிட்டிவ் நட்டைக் கழற்றும்போது ஸ்பானரின் மறுமுனை எதிர் டெர்மினலில் பட்டுவிட்டது, அவ்வளவே. நல்ல நிலையிலுள்ள ஒரு பெரிய பேட்டரியின் உள்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுதான். பன்னிரண்டை அதனால் வகுத்துப் பாருங்கள்: 2,400 ஆம்பியர். ஒரு வீட்டுக்கு வரும் மின்சாரமே நாற்பது, அறுபது ஆம்பியருக்குள் அடங்கிவிடும். கையில் மோதிரமோ உலோகப் பட்டை வாட்ச்சோ இருந்து, அது இடையில் மாட்டினால், ஷாக் அடிக்காது. மோதிரம் பழுக்கக் காய்ந்து விரலை எலும்புவரை சுட்டுவிடும். மெக்கானிக்குகள் பேட்டரியில் கைவைக்கும் முன் மோதிரத்தைக் கழற்றச் சொல்வது இதற்காக.

நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும் என்ற பழக்கத்துக்கும் காரணம் இதேதான். படகின் என்ஜின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைத் திருகினால், ஸ்பானர் என்ஜினில் எங்கே உரசினாலும் ஷார்ட். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் என்ஜின் வெறும் இரும்பு. எங்கே பட்டாலும் கவலையில்லை. இந்த வரிசையைப் பலர் மனப்பாடமாகச் செய்கிறார்கள். காரணம் தெரிந்தால் அவசரத்திலும் தவறாது.

இனி அந்தக் காயலில் எங்களைக் கைவிட்ட டெர்மினலுக்கு வருகிறேன். படகு மின்சாரத்தில் ஆபத்து எங்கே கூடுகிறது என்று என்னைக் கேட்டால், பேட்டரிக்குள்ளும் அல்ல, வயரிலும் அல்ல, இரண்டு உலோகங்கள் சந்திக்கும் இடத்தில் என்பேன். செல்ஃப் மோட்டார் ஒரு டீசல் என்ஜினைச் சுழற்றும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் 300 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டெர்மினலில் பூத்த உப்பும் தளர்ந்த நட்டும் சேர்ந்து, ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடையை உண்டாக்கினால் போதும். அந்த இடத்திலேயே 3 வோல்ட் தொலைந்துவிடும். பன்னிரண்டில் ஒன்பதுதான் மோட்டாருக்குப் போகும், என்ஜின் கிளம்பாது. தொலைந்த மூன்று வோல்ட் வெப்பமாகிறது. மூன்றை முந்நூறால் பெருக்கினால் 900 வாட்! துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியின் சூடு, ஒரு நெல்லிக்காய் அளவு இடத்தில். என்ஜின் கிளம்பவில்லையே என்று மறுபடி மறுபடி சாவியைத் திருகுபவர், அந்த இஸ்திரிப் பெட்டியை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறார். அருகில் எண்ணெய் ஊறிய துணி கிடந்தால் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனையோ பேட்டரிகள் செத்துவிட்டன என்று தூக்கிப் போடப்படுவது, டெர்மினலின் குறையைப் பேட்டரியின் குறையாக நினைக்கும் குழப்பத்தால்தான். கடைக்கார அண்ணன் பேட்டரியைப் பார்ப்பதற்கு முன் டெர்மினலில் மாட்டும் வயர் முனையான லக்கைப் பார்ப்பார். உப்பின் மேல் வெந்நீரை ஊற்றுவார். அமிலம் கசிந்திருந்தால் ஆப்ப சோடா கரைத்த நீர். அது நுரைத்து அடங்கும். அந்த நீர் பேட்டரியின் மூடி வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வார், சோடா உள்ளிருக்கும் அமிலத்தையும் கெடுத்துவிடும் என்பதால். பிறகு உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, கடைசியில் மேலாக வாசலின் தடவுவார். முதலில் வாசலினைத் தடவிவிட்டு அப்புறம் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். வாசலின் ஈரத்தைத் தடுக்க. மின்சாரம் உலோகத்தோடு உலோகம் ஒட்டித்தான் போக வேண்டும்.

குமுளி போன்ற ஊரில் இது இன்னும் முக்கியம். சுமார் 900 மீட்டர் உயரம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கிடைக்கும் மலை. பகலில் சூடான என்ஜின் அறை இரவில் குளிர்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் செம்பின் மேல் முத்து முத்தாகப் படிகிறது. செம்பில் களிம்பு ஏறுவதற்கு இதைவிட வசதி வேண்டுமா? வீட்டுக்கு இழுக்கும் சாதாரண வயரைப் படகில் போட்டால், உறைக்குள்ளேயே களிம்பு ஊர்ந்து கருகிப்போகும். வெள்ளீயம் பூசிய, மெல்லிய பல இழை கொண்ட வயர் படகுக்கென்றே விற்கிறது. ஒற்றை இழைக் கம்பி என்ஜின் அதிர்வில் வளைந்து வளைந்து ஒரு நாள் உறைக்குள்ளேயே முறிந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

வயரின் கனத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. பத்து மீட்டர் தூரத்திலிருக்கும் ஒரு விளக்குக்கோ பம்புக்கோ 10 ஆம்பியர் வேண்டும். போக பத்து, வர பத்து, மொத்தம் இருபது மீட்டர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் வழியிலேயே ஏறத்தாழ 1.4 வோல்ட் போய்விடும். வீட்டில் 230-இல் ஒன்றரை வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டில் அது ஒன்பதில் ஒரு பங்கு. படகு மின்னமைப்புக்கு உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கத் தரவிதி, வழிகாட்டும் விளக்குக்கும் நீரிறைக்கும் பம்புக்கும் 3 சதவீத இழப்புக்கு மேல் கூடாது என்கிறது. வோல்ட் குறைவாக இருப்பதாலேயே படகு வயர் வீட்டு வயரைவிடத் தடியாக இருந்தாக வேண்டும். 'பன்னிரண்டு வோல்ட்தானே' என்று மெல்லிய வயரைப் போடுவது தலைகீழ்ப் பாடம்.

ஃபியூஸ் விஷயத்திலும் ஒரு தலைகீழ் நம்பிக்கை இருக்கிறது: அது கருவியைக் காப்பாற்றும் என்று. அது காப்பாற்றுவது வயரை. எனவே கருவிக்குப் பக்கத்தில் அல்ல, பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் இருக்கும் வயர் எங்காவது உரசிக் கிழிந்தால், அந்த 2,400 ஆம்பியரைத் தடுக்க யாருமில்லை. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று சிகரெட் ஈயத்தாளைச் சுற்றுகிறவர்களும், கம்பியை முறுக்கிச் செருகுகிறவர்களும், கேட்டுக்கொண்டிருந்த எச்சரிக்கை மணியின் நாக்கை அறுக்கிறார்கள்.

அடுத்தது வாயு. காரீய–அமில பேட்டரி 1859-இல் பிரான்சின் கஸ்தோன் பிளான்தே கண்டது. இன்றும் உலகின் பெரும்பாலான படகுகள் அதை நம்பித்தான் கிளம்புகின்றன. பேட்டரி நிறைந்த பின்னும் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தால், அதற்குச் சேர்த்துவைக்க இடமில்லை. உள்ளிருக்கும் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாக வெளியே அனுப்பும். பேட்டரித் தண்ணீர் குறைவது இதனால்தான். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோமே, அந்த நீர் ஆவியாகிப் போனதல்ல, பெரும்பகுதி வாயுவாகிப் போனது.

எவ்வளவு வாயு? ஒரு 12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறைகள். நிறைந்த பேட்டரிக்குள் 5 ஆம்பியர் வீதம் நான்கு மணி நேரம் தள்ளினால் ஏறத்தாழ 50 லிட்டர் ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே அது தீப்பற்றும். ஒரு கன மீட்டர் அளவுள்ள, நன்றாக மூடிய பலகைப் பெட்டிக்குள் 4 சதவீதம் என்பது 40 லிட்டர். இரவு சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கப்போனால் விடிவதற்குள் பெட்டி தயார். அதைக் கொளுத்த நெருப்புக்குச்சி தேவையில்லை. கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சடசடக்கிறதே, அந்தப் பொறியே தேவைக்குப் பல மடங்கு அதிகம். சார்ஜரை அணைக்காமல் கிளிப்பைப் பிடுங்கினால் வரும் பொறி அதைவிடப் பெரியது. அதனால்தான் முதலில் பெட்டியைத் திறந்து காற்றாட விட வேண்டும், அப்புறம் சார்ஜரின் சுவிட்சை அணைக்க வேண்டும், கடைசியில்தான் கிளிப்பைக் கழற்ற வேண்டும். ஹைட்ரஜன் காற்றைவிட இலேசு, மேலேறும். பேட்டரிப் பெட்டிக்கு வாயில் மேல்பக்கம் வேண்டும் என்பது இதனால்.

பெட்ரோல் ஆவிக்கு நேர் எதிர்க் குணம். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். தேக்கடியின் பெரிய படகுகள் டீசலில் ஓடுகின்றன, டீசல் அத்தனை சுலபமாக ஆவியாகாது. ஆனால் என்ஜினை உள்ளே வைத்த பெட்ரோல் படகில், கசிந்த ஆவி படகின் அடிவயிற்றில் தண்ணீரைப்போலத் தேங்கி நிற்கும். காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். அத்தகைய படகுகளில் சாவியைத் தொடும் முன் காற்றை வெளியேற்றும் விசிறியை நான்கு நிமிடம் ஓட்ட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. சமையல் எரிவாயு ஏற்றிய சுற்றுலாப் படகுக்கும் இதே கவனம் வேண்டும், அந்த வாயுவும் கீழே இறங்கும் இனம். ஒரே படகில் மேலே ஹைட்ரஜன், கீழே பெட்ரோல் ஆவி, நடுவே செல்ஃப் மோட்டாரின் பொறி. இதை நினைத்துப் பார்த்தவர் யாரும் பேட்டரியை என்ஜின் அறையின் மூலையில் துணி மூட்டையோடு சேர்த்து வைக்க மாட்டார்.

பேட்டரி வாயு புத்தகத்து ஆபத்து அல்ல. 2010 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் நின்றிருந்த இந்தியக் கடற்படையின் சிந்துரட்சக் நீர்மூழ்கியில் தீ எழுந்து ஒரு மாலுமி இறந்தார். பேட்டரியிலிருந்து கசிந்த ஹைட்ரஜன்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. 2014 பிப்ரவரி 26-இல் மும்பைக் கடலில் சிந்துரத்னா நீர்மூழ்கியில் பேட்டரிப் பகுதியின் மின்கம்பிகளில் பிடித்த தீயின் புகை இரண்டு அதிகாரிகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. முதலாவது வாயு, இரண்டாவது கம்பி. பயிற்சி பெற்ற கடற்படைக்கே இப்படியென்றால், பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு போகும் சுற்றுலாப் படகின் பலகைக்கடியில் என்ன இருக்கிறது என்று கேட்பது மிகையான பயம் ஆகாது. தரையில் வண்டி தீப்பிடித்தால் இறங்கி ஓடலாம். படகில் இறங்குவது என்றால் தண்ணீரில் இறங்குவது.

தேக்கடியில் நின்று படகுப் பாதுகாப்பு பேசும்போது 2009 செப்டம்பர் 30-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. அன்று மாலை மணக்கவலையில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அந்த விபத்துக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பில்லை. கரையில் விலங்கைப் பார்க்க ஆட்கள் ஒரு பக்கமாகக் கூடினார்கள், படகின் நிலைத்தன்மை அதைத் தாங்கவில்லை. ஆனால் நிலைத்தன்மை என்றதும் பேட்டரி திரும்பவும் கதைக்குள் வருகிறது. படகின் அடியில் சேரும் தண்ணீர் சும்மா கிடப்பதில்லை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்து, சாய்வை இன்னும் கூட்டும். ஆட்கள் ஓடுவதைப்போலவே தண்ணீரும் ஓடுகிறது.

அந்தத் தண்ணீரை வெளியேற்றுவது பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பு. நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஓரங்குல ஓட்டை விழுந்தால், நிமிடத்துக்கு அறுபது லிட்டர் உள்ளே வரும், நான்கைந்து குடம். அந்தச் சின்னப் பம்பு முழுத் தெம்போடு ஓடினாலே முப்பது லிட்டர் இறைத்தால் அதிகம். டெர்மினலில் உப்பு, மெல்லிய வயர், அரைகுறை சார்ஜ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தால் அதுவும் சுருங்கும். நல்ல படகில் இந்தப் பம்பின் வயரை மெயின் சுவிட்சுக்கு முன்பாகவே, தனி ஃபியூஸ் வைத்து, பேட்டரியிலிருந்து நேரே எடுத்திருப்பார்கள். இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போன பின்னும், தண்ணீர் ஏறினால் மிதவைச் சுவிட்ச் தானே பம்பைப் போட வேண்டும். மழைக்காலத்தில் துறையிலேயே மூழ்கிக் கிடக்கும் படகுகளைப் பார்த்தால், என் மனம் முதலில் அந்த ஒரு வயரைத்தான் தேடும்.

என்ஜினுக்கு ஒரு பேட்டரி, விளக்கு, பம்பு, ஒலிபெருக்கிக்கு இன்னொன்று என்று பிரித்து வைப்பதும் இதே அக்கறையால்தான். இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வேறு. செல்ஃப் எடுக்கும் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய. ஓட்டப் பந்தயக்காரனைப்போலச் சில விநாடி பாய்ந்து ஓய்ந்துவிடும். மணிக்கணக்கில் விளக்கு எரிக்கும் பேட்டரியில் தகடுகள் தடிமன். முதல் வகையைப் பாட்டுப் பெட்டிக்குப் போட்டு அடிக்கடி வற்றவைத்தால், தகட்டில் காரீய சல்ஃபேட் கெட்டியாகப் படிந்து, சில மாதங்களில் படுத்துவிடும். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.9-க்கு வந்துவிட்டால் ஏறத்தாழக் காலி. முந்நூறு ரூபாய் மீட்டர் ஒன்று இதைச் சொல்லிவிடும். பயணம் கிளம்பும் முன் டீசல் அளவைப் பார்க்கிற படகோட்டி இதையும் ஒருமுறை பார்த்துவிட்டால் நடு ஏரியில் 'டக்' சத்தம் கேட்காது.

தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் கடல்தான் ஆபத்து என்று நினைப்போம், உப்பு நீரில் மின்சாரம் நன்றாகப் பாயும் என்பதால். நடப்பது இதற்கு நேர்மாறு. இரவில் படகுகளைச் சார்ஜ் போடுவதற்கும், படகுவீட்டில் ஏசி ஓட்டுவதற்கும் துறையிலிருந்து 230 வோல்ட் இழுக்கிறார்கள். அதில் எங்காவது கசிவு ஏற்பட்டு மின்சாரம் நீரில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கடல்நீர் மனித உடம்பைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் உடம்பைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மலை ஏரியின் நன்னீர் மிக மோசமான கடத்தி. அதற்குள் இறங்கிய மனித உடம்பு, உள்ளே உப்பு கரைந்த இரத்தம் ஓடுவதால், நீரைவிடச் சுலபமான வழி. மின்சாரம் உடம்பைத் தேடி வரும். நூறில் ஒரு பங்கு ஆம்பியருக்குச் சற்று மேலே போனாலே தசைகள் இறுகி நீந்த முடியாமல் போகும். கரையில் நிற்பவர்களுக்கு அவர் நீச்சல் தெரியாமல் மூழ்கியதாகத்தான் தோன்றும். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதி. அமெரிக்காவின் நன்னீர் ஏரிப் படகுத்துறைகளில் இப்படிப் பல உயிர்கள் போயிருக்கின்றன. 30 மில்லி ஆம்பியர் கசிந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. ஒவ்வொரு துறையிலும் இருந்தாக வேண்டும்; மின்சாரம் இழுக்கும் துறையருகே யாரும் குளிக்க இறங்கவே கூடாது. ஒருவர் நீரில் துடித்தால் முதலில் ஓட வேண்டியது மெயின் சுவிட்சை நோக்கி.

வீட்டுச் சுவிட்சைப் படகில் பொருத்துவது இன்னொரு பரவலான தவறு. வீட்டு மின்சாரம் விநாடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொட்டுத் திரும்புகிறது. சுவிட்சை அணைக்கும்போது எழும் பொறி அந்தப் பூச்சியத்தில் தானே அவிந்துவிடும். பேட்டரியின் நேர்மின்சாரத்துக்குப் பூச்சியம் என்ற ஒன்றே கிடையாது. பொறி இழுபட்டு, நீண்டு, சுவிட்சின் முனைகளை உருக்கும். நேர்மின்சாரத்துக்கென்று குறிக்கப்பட்ட சுவிட்சும் எம்.சி.பி.யும்தான் படகுக்குரியவை. பன்னிரண்டு வோல்ட்டில் இது சேதத்தோடு போகலாம். பல நூறு வோல்ட்டில் போகாது.

பல நூறு வோல்ட் படகா என்று கேட்கலாம். பேட்டரி மின்சாரத்திலேயே ஓடும் படகுகள் வந்துவிட்டன, நம் பக்கத்திலேயே. கேரளத்து வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017 ஜனவரியில் 'ஆதித்யா' ஓடத் தொடங்கியது. 75 பேர் உட்காரும், கூரையில் சூரியப் பலகை பதித்த, இந்தியாவின் முதல் சூரிய ஆற்றல் பயணிப் படகு. 2023 ஏப்ரலில் கொச்சி நீர் மெட்ரோ தொடங்கியது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான, நூறு பேர் ஏறும் மின்படகுகள். புகை இல்லை, டீசல் நாற்றம் இல்லை, பேச்சுக் குரல் கேட்கும் அமைதி. கொச்சிப் படகுகளுக்கு லித்தியம் டைட்டனேட் வகைப் பேட்டரியைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு என்பேன். எடைக்கேற்ற ஆற்றல் அதில் குறைவு, விலையும் கூட. ஆனாலும் லித்தியம் வகைகளில் எளிதில் தீப்பிடிக்காத சிலவற்றில் அதுவும் ஒன்று.

மற்ற பல லித்தியம் வகைகளில் ஓர் அறை அளவுக்கு மீறிச் சூடானால், அதன் வேதிவினையே மேலும் வெப்பத்தைக் கிளப்பி, அடுத்த அறையைச் சுட்டு, அது அதற்கடுத்ததைச் சுடும். தீயை அணைத்தாலும் உள்ளே வெப்பம் அடங்காது. எரியக்கூடிய வாயு தொடர்ந்து கசியும். 2019 அக்டோபரில் நார்வேயின் 'யுட்டெரோய்னிங்கன்' பயணிப் படகில் பேட்டரி அறை தீப்பிடித்தது. தீ அணைந்ததாக நினைத்திருந்த மறுநாள் காலையில் தேங்கிய வாயு வெடித்தது. லித்தியம் தீ எழுந்த படகில் பயணிகளைக் கரையேற்றியபின், பல மணி நேரம் நீரால் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும், மூடிய அறையை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது என்ற பாடம் அங்கே கிடைத்தது.

பெரிய நிறுவனங்கள் இதற்கெல்லாம் பொறியாளர்களை வைத்திருக்கின்றன. எனக்குக் கவலை சின்னப் படகுகளைப் பற்றி. பழைய காரீயப் பேட்டரியை எடுத்துவிட்டு, இணையத்தில் வாங்கிய லித்தியம் பேட்டரியை அதே இடத்தில் அப்படியே வைக்கிறார்கள். காரீயப் பேட்டரி நிறைய நிறைய மின்சாரத்தைக் குறைத்துக் கேட்கும். லித்தியம் கிட்டத்தட்டக் கடைசிவரை முழு வேகத்தில் உறிஞ்சும். அதற்கு ஈடுகொடுத்து, என்ஜினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் கருகும். பேட்டரியின் காவல் சுற்று திடீரென்று இணைப்பைத் துண்டித்தால், போக இடமில்லாத மின்னழுத்தம் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகளைப் பொசுக்கும். ஓடும் என்ஜினில் மெயின் சுவிட்சை அணைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. பேட்டரியை மாற்றுகிறவர்கள் சார்ஜ் செய்யும் அமைப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லையென்றால் பழையதோடே இருப்பது நல்லது.

தேக்கடி ஏரியின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கீழே இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரமாகி, பிறகு எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்கும் திராட்சைக்கும் பாய்கிறது. அந்த நீரின் மேல் மிதக்கும் படகில் நாங்களும் எங்கள் பிள்ளைகளும் ஏறுகிறோம். 2009-க்குப் பின் மிதவைச் சட்டை இல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை என்பது பெரிய மாற்றம். அது கண்ணுக்குத் தெரியும் பாதுகாப்பு. பலகைக்கடியில் இருப்பது தெரியாது.

படகு வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், என்ஜின் பார்க்கும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கம்பத்துக் கடையில் அந்த அண்ணன் செய்வதைத்தான் சொல்கிறேன். கரைக்கு வந்து என்ஜினை நிறுத்தியதும், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து காற்றாட விட்டு, உலர்ந்த புறங்கையை ஒவ்வொரு டெர்மினலுக்கும் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். பின் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். பக்கத்து வயரைவிட ஏதாவது ஒன்று சூடாக இருந்தால், அதைச் சுத்தம் செய்து இறுக்கும்வரை அடுத்த சவாரிக்கு ஆள் ஏற்றாதீர்கள்.